முப்பத்தைந்துக்கு ஒரு மார்க் குறைவு

28 ஏப்ரல் 2021, புதன்

சீசன் இந்த வருஷமும் போச்சு. டூரிஸ்ட் யாரும் ஊட்டி மலை ஏறக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். ஜெஃப்ரியின் ஜீப் வாசலில் நனைந்துகொண்டு நிற்கிறது. தினமும் அவலாஞ்சிக்கு ஆள் ஏற்றிப் போன மனுஷன், சும்மா இருக்க முடியாமல் பானெட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். இன்று காலை, கிளென்மார்கனில் கூட்டாளி வண்டிக்கு கியர்பாக்ஸ் இறக்க வேண்டும், ராத்திரி அங்கேயே தங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பிப் போனார். போகட்டும். அவர் வீட்டில் உட்கார்ந்தால் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் என் தலைதான் உருளும்.

அண்ணன். செல்லதுரை அத்தான். ஹெட்மாஸ்டர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் கையில் பிரம்பு இருக்கிற நினைப்பு. பிள்ளைகள் பெங்களூரில் பிழைக்கிறார்கள். இங்கே அதிகாரம் பண்ணுவதற்கு மிச்சம் இருப்பது அவர் மனைவி ஜெஸிந்தாக்கா, என் புருஷன் ஜெஃப்ரி, நான். அப்பா செத்த பிறகு ஜெஃப்ரியைத் தூக்கி வளர்த்தது அவர்தான். அதைச் சொல்லாமல் ஒரு வாரம் போனதில்லை.

காலையில் தோசைக்கு நடுவில் சட்டம் வந்தது. "ஒருத்தரும் கீழ போகக் கூடாது. மேட்டுப்பாளையம், கோயமுத்தூர், திருப்பூர், எங்கியும். கீழ பூரா நோய்." வீட்டில் தினமும் வெளியே போகிறவள் நான் ஒருத்திதான், டீ ஃபேக்டரி ஆபீஸுக்கு. அது இதே மலையில், இரண்டு வளைவு தாண்டி இருக்கிறது. ஆனாலும் சொல்லும்போது என்னைப் பார்த்தேதான் சொன்னார்.

3 மே, திங்கள்

ஜெஃப்ரிக்கு உடம்பு வலி, லேசாகக் காய்ச்சல். கிளென்மார்கனில் ஈரத்தரையில் படுத்து வேலை பார்த்ததாம். மாத்திரை கொடுத்தேன். "அண்ணன்கிட்டச் சொல்லாத. டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு ஆரம்பிச்சுருவாரு" என்றார். அந்தக் கச்சேரியைக் கேட்க எனக்கும் தெம்பில்லை. சொல்லவில்லை.

6 மே, வியாழன்

காய்ச்சல் விட்டுவிட்டது. இருமல் மட்டும் இருக்கிறது. ஜீப்பைக் கழுவினார்.

9 மே, ஞாயிறு

காபி மணக்கவில்லை. பொடி பழசா என்று கேட்கப் போனால் ஜெஸிந்தாக்கா போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடக்கிறாள். ஹெட்மாஸ்டருக்கும் காய்ச்சல். அடுப்படிக்கு வந்து மண்ணெண்ணெய் பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன். தண்ணீர் மாதிரி இருந்தது.

அப்போ வந்துவிட்டது. நாளையிலிருந்து ஊரடங்கு வேறு.

11 மே, செவ்வாய்

தனியார் லேப்பிலிருந்து ஆள் வந்தார். நான்கு பேரையும் வராந்தாவில் வரிசையாக உட்கார வைத்து மூக்கில் குச்சி விட்டு எடுத்துக்கொண்டு போனார். ஹெட்மாஸ்டருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பார்க்க நன்றாக இருந்தது. கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்.

12 மே, புதன்

இன்றைக்கு நடந்ததை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ரிப்போர்ட் ஹெட்மாஸ்டர் போனுக்கு வந்தது. நான்கு பேரும் பாசிட்டிவ். பக்கத்தில் சி.டி. வேல்யூ என்று ஒரு எண். மூக்கில் எடுத்ததில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற எண்ணாம். எண் குறையக் குறையக் கிருமி அதிகம். முப்பத்தைந்தைத் தாண்டினால் நெகட்டிவ். இதை லேப்புக்கு போன் போட்டு விசாரித்துக்கொண்டார். அதோடு விசாரணை முடிந்தது. முப்பத்தைந்து என்று காதில் விழுந்ததும் அவருக்கு வேறு ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை வருஷம் முப்பத்தைந்துக்கு மேலே பாஸ், கீழே ஃபெயில் என்று கோடு கிழித்த கை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். "ஜெஃப்ரி முப்பத்திநாலு. ஒரு மார்க்குல போச்சு. கிரேஸ் மார்க் போட்டா பாஸு. ஜெஸிந்தா இருபத்தெட்டு. பரவால்ல. நான் இருபத்திநாலு." பிறகு கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். பரீட்சை பேப்பரைக் கடைசியாகக் கொடுப்பதற்கு முன்னால் வாத்தியார்கள் பார்ப்பார்களே, அப்படி.

"கெஸியா பதினஞ்சு."

ஜெஸிந்தாக்கா காய்ச்சலோடு காய்ச்சலாக நாற்காலியை இழுத்து என்னை விட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"யாருக்குக் கிருமி ஜாஸ்தியோ அவங்கதான் ஊட்டுக்குள்ள கொண்டாந்திருக்கணும். கணக்கு அவ்வளவுதானே" என்றார் ஹெட்மாஸ்டர்.

"எனக்கு மூக்கு மணக்கலைங்க அத்தான், வேற ஒண்ணுமில்ல. காய்ச்சல் உங்களுக்கும் அக்காவுக்கும்தான் இருக்கு."

"இனிமேதான் வரும். பதினஞ்சுன்னா சும்மாவா?"

நான் ஜெஃப்ரியைப் பார்த்தேன். அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் ஃபேக்டரியில் யாருக்கும் காய்ச்சல் இல்லையே என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணன் முன்னால் என்றைக்கு வாயைத் திறந்தார், இன்றைக்குத் திறப்பதற்கு?

இப்போது நான் இருப்பது சீசனில் டூரிஸ்ட்டுக்கு விடுகிற வெளி ரூமில். "துண்டுகளை எடுத்துச் செல்லாதீர்கள்" என்று சுவரில் ஒட்டியிருக்கிறது. நான்தான் என் கையால் எழுதி ஒட்டினேன். கிரேஸ் மார்க்கில் ஜெஃப்ரி பாஸாகிவிட்டபடியால் வீட்டு வேலை முழுக்க அவருக்கு. பால், கடை, விறகு, வெந்நீர். முப்பத்திநாலுக்கு அதுதான் பரிசு.

13 மே, வியாழன்

என் தட்டின் அடியில் நெயில் பாலிஷ் வைத்து அடையாளம் போட்டிருக்கிறார்கள். மதிலில் தட்டை வைத்துவிட்டு ஜெஸிந்தாக்கா கை தட்டுகிறாள், நாயைக் கூப்பிடுகிற மாதிரி. ரசம் என்று நினைக்கிறேன். வாசனை தெரிந்தால்தானே.

சாயங்காலம் குடும்ப ஜெபம். எல்லாரும் ஹாலில், நான் போனில். ஹெட்மாஸ்டர் ஜெபித்தார்: "ஆண்டவரே, யார் மூலமாக இந்த வியாதி இந்த வீட்டுக்குள் பிரவேசித்ததோ, அவர்களையும் மன்னியும்." எல்லாரும் ஆமென் சொன்னார்கள். ஜெஃப்ரி குரலும் கேட்டது. நான் போனை வைத்துவிட்டேன்.

14 மே, வெள்ளி

சர்ச் வாட்ஸப் குரூப்பில் பாஸ்டரம்மா போட்டிருக்கிறாள். சகோதரி கெஸியா மூலமாக வியாதி நுழைந்த குடும்பத்துக்காக ஜெபிக்கவும். கீழே கைகூப்பின படங்கள் வரிசையாக. சகோதரி கெஸியா! குரூப்பில் நானும் இருக்கிறேன் என்பதை மறந்துவிட்டார்களா, இல்லை, நான் பார்க்கட்டும் என்றுதான் போட்டார்களா?

ஆபீஸிலிருந்து மரகதம் போன் பண்ணினாள். என் எதிர் சீட். "அக்கா, உங்களால எங்களுக்கும் வந்திருக்குமோன்னு மேனேஜர் எல்லாரையும் டெஸ்ட்டுக்கு அனுப்பிச்சாருங்க. ஒருத்தருக்கும் இல்லீங்க" என்றாள். ஆறுதலாகச் சொன்னாளா குத்திக்காட்டினாளா தெரியவில்லை. ஆனால் ஆபீஸில் ஒருத்தருக்கும் இல்லை. நான் ஆபீஸும் வீடும் தவிர எங்கேயும் போகவில்லை. அப்படியென்றால் எனக்கு எங்கிருந்து வந்தது?

ஹெட்மாஸ்டருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஜெஸிந்தாக்காவுக்கும்தான். எனக்கு வரவேயில்லை. காலையில் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "இன்னும் ஒண்ணுமில்லயா உனக்கு?" என்று கேட்டார். ஏமாற்றமாக இருந்தது அவருக்கு, முகத்தில் தெரிந்தது.

15 மே, சனி

ஜன்னல் வழியாக எல்லாம் தெரிகிறது. ஜெஃப்ரி கொட்டகையிலிருந்து விறகு தூக்கிக்கொண்டு வந்தார். பாதி வழியில் கீழே போட்டுவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொட்டகைக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம் இருக்கும்? நின்று தும்மினால் கேட்கும். அதற்கே மூச்சு வாங்கினால்?

கத்தினேன். ஹெட்மாஸ்டர் வராந்தாவுக்கு வந்து ஜெஃப்ரி விரலில் அந்த ஆக்ஸிஜன் அளக்கிற கிளிப்பை மாட்டினார். எவ்வளவு என்று கேட்டேன். எண்பத்தெட்டு.

"ஊட்டிக் குளிர்ல இது அப்படித்தான் காட்டும். கை பாரு, ஐஸு. ஏழாயிரம் அடி உசரம் வேற" என்றார். ஜெஃப்ரியின் கையை வெந்நீர்ச் சொம்பில் வைத்து எடுக்கச் சொல்லி, பரபரவென்று தேய்த்து, மறுபடி மாட்டினார். தொண்ணூற்றியொன்று. "பார்த்தியா, ஏறிடுச்சு. அவனுக்கு முப்பத்திநாலு. கிருமியே இல்ல. நீ உன்னயப் பாரு."

உண்மைதான், இந்த ஊரில் விரல் சில்லிட்டால் அந்தக் கிளிப் குறைத்துக் காட்டும். எனக்கும் தெரியும். ஆனால் வெந்நீரில் கையை வைத்தால் தொண்ணூற்றெட்டு வர வேண்டாமா? தொண்ணூற்றியொன்றுக்கா சந்தோஷப்படுவது? அதுவும் இருபத்திநாலு எடுத்தவர் வராந்தாவில் நின்று சத்தம் போடுகிறார், முப்பத்திநாலு எடுத்தவருக்கு இருமக்கூட முடியவில்லை.

ஜெஃப்ரிக்கு போன் பண்ணினேன். "ஒண்ணுமில்லடி, அசதி" என்றார். அதைச் சொல்லுவதற்குள் இரண்டு தடவை நிறுத்தினார்.

16 மே, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். இரண்டு இடத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. கோபம்.

காலையில் நல்ல மூடுபனி. பால் வாங்கிக்கொண்டு வந்த ஜெஃப்ரி வீட்டுக்குள் போகவில்லை. ஜீப் படியில் உட்கார்ந்துவிட்டார். தூக்குப்போசி கையில் சாய்ந்து பால் கொட்டுகிறது, அது தெரியவில்லை அவருக்கு. கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

உள்ளே போனில் ஞாயிறு ஆராதனை நடந்துகொண்டிருந்தது. ஹெட்மாஸ்டர் வேதப் புத்தகத்தோடு வெளியே வந்தார். "உள்ள போ கெஸியா. பதினஞ்ச வெச்சுக்கிட்டு அவன் பக்கத்துல போற?"

"அவரும் பாசிட்டிவ், நானும் பாசிட்டிவ். இதுக்கு மேல இவருக்கு நான் எதைங்க குடுக்கப் போறேன்?"

"கையைச் சூடு பண்ணி மறுபடி பார்க்கலாம். அவசரப்படாத. முப்பத்திநாலு—"

"மார்க்கைத் தூக்கி அடுப்புல போடுங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் அப்படிப் பேசினேன். 108க்கு போன் போட்டேன், வண்டி எல்லாம் வெளியே போயிருக்கிறது, மத்தியானம் ஆகும் என்றார்கள். ஜெஃப்ரி பாக்கெட்டில் கைவிட்டு ஜீப் சாவியை எடுத்தேன். ஹெட்மாஸ்டர் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். நீயா ஓட்டப் போகிறாய் என்றார். கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்கு லைசென்ஸ் இருக்கிறது, இந்த வீட்டில் ஓட்ட விடவில்லை, அவ்வளவுதான். அப்போதுதான் ஜெஸிந்தாக்கா வந்தாள். கம்பளியை ஜெஃப்ரி மடியில் போட்டாள். புருஷனைப் பார்த்து, "வழிய விடுங்க" என்றாள். அவர் விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் யாரும் கையைத் தேய்க்கச் சொல்லவில்லை. எழுபத்தெட்டு. உடனே மாஸ்க் போட்டு ஆக்ஸிஜன் வைத்தார்கள். நான் பாசிட்டிவ் என்பதால் என்னையும் உள்ளே விட்டுவிட்டார்கள், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. பதினைந்துக்கும் ஒரு உபயோகம் இருக்கிறது.

பொழைச்சுக்கோ ஜெஃப்ரி. தயவுசெய்து பொழைச்சுக்கோ. அந்த மனுஷன் உன்னைக் குழிக்கு அனுப்பிட்டு அதுக்கும் ஜெபம் பண்ணுவாரு.

17 மே, திங்கள்

டாக்டர் பெயர் நாஜ்னீன். சின்னப் பொண்ணு. கவச உடையில் கண் மட்டும்தான் தெரிகிறது. நெஞ்சு ஸ்கேனைப் பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் பாதிப்பு இருக்கிறது என்றாள். நான் போனில் இருந்த ரிப்போர்ட்டைக் காட்டினேன். "முப்பத்திநாலுதாங்க டாக்டர். கிருமியே இல்லைன்னு..."

"யாரு சொன்னது? அன்னிக்கு மூக்குல எடுத்த குச்சியில எவ்வளவு இருந்துச்சுங்கறதுதாம்மா இந்த நம்பர். நுரையீரல்ல என்ன நடக்குதுன்னு இது சொல்லாது. ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தா ஏதாவது தெரியலாம். ஒரே ஒரு ஆளை வெச்சு இவரு தப்பிச்சாரு, இவரு மாட்டுவாருன்னு சொல்ல முடியாது. இன்னொண்ணு, நோய் ஆரம்பிச்சு ஒரு வாரம் தாண்டினவங்களுக்கு மூக்குல கிருமி குறைஞ்சிரும். மூச்சுத் திணறல் அப்பத்தான் வரும்." பிறகு கேட்டாள்: "எப்ப ஆரம்பிச்சுது? சரியாச் சொல்லுங்க, மருந்து அதைப் பார்த்துத்தான் குடுக்கணும்."

மூன்றாம் தேதி லேசாகக் காய்ச்சல் இருந்தது, ஆனால் அது ஈரத்தில் படுத்ததால் என்றேன். அதற்கு முன்னால் எங்கேயாவது போனாரா, நோய் இருக்கிறவர் யாரையாவது பார்த்தாரா என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

ஜெஃப்ரி மாஸ்க்கைத் தூக்கினார். "திருப்பூர்" என்றார்.

கிளென்மார்கன் இல்லை. கியர்பாக்ஸ் இல்லை. ஹோட்டல்காரர் ஒருத்தரின் குடும்பத்தை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு திருப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். அங்கே ராத்திரி தங்கிச் சாப்பிட்டு வந்திருக்கிறார். ஊருக்கு வந்த மறுநாளே அந்த ஹோட்டல்காரர் போன் பண்ணி, எனக்குப் பாசிட்டிவ், நீயும் பார்த்துக்கோ என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாளே. அப்படியென்றால் மூன்றாம் தேதி என்னிடம் மாத்திரை வாங்கும்போதே தெரியும். ரிப்போர்ட் வாசித்த அன்றைக்குத் தெரியும். காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாரே, அப்போதும் தெரியும். என்னை வெளி ரூமுக்குத் துரத்தினபோது தெரியும். ஆமென் சொன்னபோது தெரியும்.

நீயா? நீயாடா?

என் பதினைந்து என்ன என்று டாக்டரிடம் கேட்டேன். அது யார் கொண்டுவந்தது என்றெல்லாம் காட்டாது, புதுசாகத் தொற்றினவர்களுக்குத்தான் பெரும்பாலும் எண் குறைவாக இருக்கும் என்றாள். அதாவது எனக்கு இவன்தான் கொடுத்திருக்கிறான்.

குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார்கள், மூச்சுக்கு நல்லதாம். புரட்டிப் போட்டேன். கொஞ்சம் வேகமாகத்தான்.

19 மே, புதன்

எண்பத்திநான்கு, ஆக்ஸிஜனோடு. பேச்சில்லை. பக்கத்துக் கட்டிலைக் காலி பண்ணினார்கள். டிஸ்சார்ஜ் இல்லை.

செத்துத் தொலைக்காதே. உன்னிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

22 மே, சனி

ஹெட்மாஸ்டர் போன் பண்ணினார். அழுகிற குரல். "என் பிள்ளை மாதிரிம்மா அவன்" என்றார். அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து, "உங்கிட்ட இருந்து அவனுக்கு மறுபடி ஏறிருச்சோ என்னமோ. டாக்டரைக் கேளு" என்றார். சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை, திருப்பூர். சொல்லவில்லை. அதை என் வாயால் சொன்னால், புருஷன் சாகக் கிடக்கும்போது அவன் மேலேயே பழி போட்டவள் என்று அதையும் குரூப்பில் போடுவார்கள். அவன் வாயால் வர வேண்டும். அதற்காகவாவது அவன் பிழைக்க வேண்டும்.

25 மே, செவ்வாய்

தொண்ணூற்றிரண்டு. கஞ்சி குடித்தான். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சோப்பு வாசனை தெரிந்தது.

29 மே, சனி

மாஸ்க் எடுத்துவிட்டார்கள். உட்கார்ந்து பேசுகிறான். கேட்டேன்.

"ஏங்க சொல்லல?"

"அண்ணன் கீழ போகாதன்னு சொல்லியிருந்தாருல்ல. தெரிஞ்சா மனசு ஒடஞ்சிரும்டி அவருக்கு."

"என் மனசு?"

அதற்கு அவன் சொன்ன பதிலை அப்படியே எழுதி வைக்கிறேன். "நீ தைரியசாலி. நீ தாங்கிக்குவ."

பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தி இது என் சம்பாத்தியம். தாங்குகிறவள் தலையில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். சர்ச் பூராவும் என்னை நோய் கொண்டுவந்தவள் என்று சொல்லட்டும், தட்டில் நெயில் பாலிஷ் வைக்கட்டும், நான் தாங்குவேன். அந்த ஆறடி ஹெட்மாஸ்டர் தாங்க மாட்டார்.

சிஸ்டர் வந்து எனக்கும் பிரஷர் பார்த்துவிட்டு, உங்களுக்கு ஏன் இவ்வளவு இருக்கிறது என்று என்னைக் கேட்டாள்.

6 ஜூன், ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஹெட்மாஸ்டர் வாசலில் ஸ்தோத்திரம் சொல்லி ஜெபம் பண்ணி, தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார். என்னைப் பார்த்து, "நீயும் மனசு திருந்தி நல்லாப் பார்த்துக்கிட்ட" என்றார். மனசு திருந்தி. என் தட்டில் நெயில் பாலிஷ் இன்னும் இருக்கிறது. நான் அதிலேயே சாப்பிடுகிறேன், ஜெஃப்ரிக்கு எதிரில் உட்கார்ந்து.

11 ஜூலை, ஞாயிறு

சர்ச் திறந்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு ஜெஃப்ரிக்காக ஸ்தோத்திரக் காணிக்கை, ஆராதனை முடிவில் அவன் எல்லார் முன்னாலும் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். ஹெட்மாஸ்டர் ஏற்பாடு. இன்று சர்ச் வாசலில் ஒருத்தி என் பக்கத்தில் நிற்காமல் நகர்ந்து போனாள். இரண்டு மாசம் ஆகிவிட்டது, கிருமி எப்போதோ செத்துவிட்டது, பேர் மட்டும் சாகவில்லை.

வீட்டுக்கு வந்து ஜெஃப்ரியிடம் சொன்னேன். "எந்தச் சர்ச்சுல என் பேரு கெட்டுச்சோ அங்க சொல்லுங்க. திருப்பூர்னு சொன்னாப் போதும். என்னைப் புகழ வேண்டாம்."

சரி என்றான். சத்தியமாக என்றான். இரண்டு தடவை.

18 ஜூலை, ஞாயிறு

சொல்லவில்லை.

நல்ல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மைக் முன்னால் நின்றான். மரணப் பள்ளத்தாக்கு வரைக்கும் போய் வந்தேன் என்றான். தேவன் எனக்கு மறு உயிர் கொடுத்தார் என்றான். என் அண்ணனின் ஜெபம் என்னைக் காப்பாற்றியது என்றான். ஹெட்மாஸ்டர் முதல் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பக்கம் ஒரு தடவை பார்த்தான், உடனே பார்வையை எடுத்துவிட்டான். என் மனைவி என்று ஒரு சொல் வந்தது, "என் மனைவியையும் தேவன் மன்னித்து" என்று வந்தது. அண்ணன் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் பண்ணியிருக்கிறான்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மூன்று பேரும் மேடு ஏறி நடந்தே வரட்டும் என்று நினைத்தேன். முதல் வளைவு வரைக்கும் போனேன். சாரல் ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினாலே இன்னும் நின்று நின்று ஏறுகிறான். டாக்டர் மூன்று மாசம் மேடு ஏறக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். அவனைப் பத்து நாள் புரட்டிப் போட்டுப் பார்த்துக்கொண்டது இந்த மேட்டில் விழுந்து சாகவா? திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பினேன். என்னைத்தான் திட்டினேன்.

சர்ச் வாசலில் எல்லாரும் வெளியே வந்து நின்றிருந்தார்கள். ஜெஃப்ரி முன் சீட்டில் ஏறினான். ஹெட்மாஸ்டரும் ஜெஸிந்தாக்காவும் பின்னால் ஏறினார்கள். பாஸ்டரம்மா ஜீப் பக்கத்தில் வந்து, நல்ல சாட்சி தம்பி என்றாள். நான் எஞ்சினை நிறுத்தினேன்.

"இருங்க பாஸ்டரம்மா. சாட்சியில இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குதுங்க. இவரு சொல்லுவாரு."

"என்ன இது, மழை வருது. வண்டிய எடு" என்றார் ஹெட்மாஸ்டர்.

நான் சாவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கத்தவில்லை. கத்த வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த நேரத்தில் வரவில்லை. "ஏனுங்க, ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்டச் சொன்னதை இவங்ககிட்டயும் சொல்லுங்க. சொன்னா வண்டி கிளம்பும். இல்லைன்னா நான் இங்கயே உக்காந்திருக்கேன். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றேன்.

பின்னால் இரண்டு குடும்பம் குடையோடு வந்து நின்றது. வழி விட இடமில்லை, ஜீப் கேட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஜெஃப்ரி கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இங்கே காலண்டர் இல்லை.

"நான்தாங்க பாஸ்டரம்மா" என்றான். குடைக்குள் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னான். "நான்தான் திருப்பூர் போயிட்டு வந்தேன். எனக்குத்தான் மொதல்ல காய்ச்சல். கெஸியாவுக்கு என்கிட்டயிருந்து வந்துச்சு. எல்லாருக்கும் என்கிட்டயிருந்துதான். எனக்கு அப்பவே தெரியும்." பிறகு பின்னால் திரும்பாமலே, "அண்ணா, மன்னிச்சிருங்க" என்றான்.

அவன் மன்னிப்பு கேட்டது அண்ணனிடம். அதையும் கவனித்தேன்.

பாஸ்டரம்மா என் தோளைத் தொட்டாள். நான் தோளை நகர்த்திக்கொண்டேன். "குரூப்புலயும் போட்டுருங்க" என்றேன். சரிம்மா என்றாள். ஹெட்மாஸ்டர் பின் சீட்டில் உட்கார்ந்து வேதப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், கண்ணாடியில் தெரிந்தது. வயசான முகம். தம்பியைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுவார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. ஜெஸிந்தாக்காதான் வாயைத் திறந்தாள். "ஊட்டுக்குப் போலாம் கெஸியா" என்றாள்.

வண்டியை எடுத்தேன். மேட்டில் ஜெஃப்ரி ஒரு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். திரும்பவில்லை. என் கோபம் தீரவில்லை, இன்றைக்குத் தீராது, எப்போது தீரும் என்றும் எனக்குத் தெரியாது. அவன் இருமினான். அவன் பக்கம் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வளைவில் வண்டியை ஓரம் கட்டி, இறங்கிச் சுற்றிப் போய், அவன் பக்கத்துப் படுதாவை இறக்கிக் கட்டிவிட்டு வந்து மறுபடி ஓட்டினேன்.